கார்த்திகையில் ஒரு முளைப்பாரி

முளைப்பாரி என்றால் எனக்குப் பைத்தியம். மண்சட்டியில் பயறுகளை முளைக்கப் போட்டு, நன்றாக வளர்ந்ததும் தலையில் சுமந்துபோய்க் கண்மாயில் கரைப்பார்கள். சமயநல்லூரில் எங்கள் தெரு அம்மனுக்கு ஆடியில்தான் அது நடக்கும். மூன்றாம் வகுப்புப் பொடிசை நம்பி யார் சட்டியைக் கொடுப்பார்கள்? கும்மியடிக்கிற அக்காமாருக்குப் பின்னால் வாயைப் பிளந்துகொண்டு ஓடுவதோடு சரி.

அந்த வருஷம் கார்த்திகையில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. அப்பா கொத்தனார், மழை வெறித்தால்தான் வேலை. ஒருநாள் காலையில் அம்மா மஞ்சள் சேலை கட்டி, இடுப்பில் வேப்பிலை செருகிக்கொண்டு, முளைப்பாரிக்கு மடிப்பிச்சை எடுப்பதாக நேர்ந்திருக்கிறேன் என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே வருஷத்தில் ரெண்டு முளைப்பாரி! இந்தத் தடவை சட்டி எனக்குத்தான் என்று முதலிலேயே சொல்லிவைத்துவிட்டுக் கூடவே குதித்துக்கொண்டு கிளம்பினேன். நம்ம தெருவிலேயே கேட்கலாமே என்றும் யோசனை சொன்னேன்.

"தெரிஞ்ச வீட்ல வாங்குனா நேர்த்தி பலிக்காதுடி. பேசாம வா."

வாய்க்காலைத் தாண்டி, எங்களை ஒருவருக்கும் தெரியாத ஊருக்குப் போனோம். வாசல் வாசலாக அம்மா முந்தியை ஏந்தி நின்றாளே ஒழிய வாயைத் திறக்கவில்லை. நான் விடுவேனா? ஆத்தாவுக்கு முளைப்பாரி என்று ஊர் கேட்கக் கூவினேன். பாசிப்பயறு, தட்டாம்பயறு, மொச்சை, ஒரு வீட்டில் அரிசியே போட்டார்கள். அப்பப்பா, என்ன வசூல்! சாமி காரியத்துக்கு வந்துவிட்டு அம்மா ஏன் தலையைத் தூக்கவே மாட்டேன் என்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. வீட்டுக்கு வந்ததும் பயறையெல்லாம் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டாள்.

அந்த வாரந்தான் டீச்சர் சத்துணவுப் பாடம் நடத்தினார். முளைகட்டிய பயறில் புரதம் நிறைய இருக்கிறதாம். நான் துள்ளி எழுந்து, எங்கள் வீட்டில் ஒரு மூட்டையே முளைத்துத் தொங்குகிறது என்றேன். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை இருக்கிறதே, சொல்லி மாளாது.

வீட்டுக்கு ஓடிவந்தால் மூட்டையைக் காணோம். உப்புப் போட்டு அவித்த பயறு தட்டில் இருந்தது. அப்பா குனிந்தபடி தின்றுகொண்டிருந்தார். சாமி பயறைத் தின்னலாமா, என் சட்டி எங்கே என்று உருண்டு புரண்டு அழுதேன்.

"ஆத்தாதான் முதல்ல பிள்ளைக்குப் போடச் சொன்னா" என்றாள் அம்மா.

அப்படியானால் ஆத்தாவுக்கும் புரதம் தெரிந்திருக்கிறது! அழுகை போன இடம் தெரியவில்லை. வயிறு முட்டத் தின்றேன். அப்பாவுக்கும் புரதத்தை விளக்கி, இன்னொரு கை அள்ளி வைத்தேன். அவர் நிமிரவே இல்லை.

அம்மா என்னையும் ஏமாற்றவில்லை. ஒரு பிடி பயறு எடுத்துவைத்திருந்தாள். கொட்டாங்கச்சியில் மண் போட்டு அதை முளைக்க வைத்தாள். விரல் நீளம் வளர்ந்ததும் தலையில் தூக்கிக்கொண்டு, தூறலில் ராணி மாதிரி கண்மாய்க்கு நடந்தேன். கும்மியில்லை, கொட்டில்லை, அம்மா மட்டும் பின்னால் வந்தாள். கரைத்துவிட்டுக் கண்ணை மூடி, அடுத்த மாதமும் அம்மாவை மடிப்பிச்சை எடுக்க வை ஆத்தா என்று உரக்க வேண்டிக்கொண்டேன்.

அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது, அதற்காகத்தான் பொத்துகிறாள் என்று நினைத்து, மிச்சத்தை மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.