ரப்பருக்கு உப்புப் பார்த்த கதை

போன சனிக்கிழமை ஆபீஸ் என்றும் பாராமல் விசிலடித்துவிட்டேன். நாற்பது வயதுக்காரன்! எதற்கு? ஒரு மீட்டர் முள் ஆடாமல் நின்றதற்கு!

நான் திருவொற்றியூரில் ஒரு கேபிள் ஆலையில் சோதனை அறைக்காரன். செம்புக் கம்பி மேல் ரப்பர் உறை போடுகிறோம். உறையை மீறி மின்சாரம் வெளியே வராமல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. தொட்டித் தண்ணீரில் கேபிளை ஒரு நாள் ஊறப்போட்டு, வோல்டேஜை ஏற்ற வேண்டும். மீட்டர் முள் ஆடாமல் தாங்கினால் பாஸ்.

திங்கட்கிழமை மூன்று சுருள்களை ஏற்றினேன். பட்... பட்... பட். மூன்றும் போச்சு!

ஊறப்போடும் முன் மூன்றும் நன்றாகத்தான் இருந்தன. நான் யோசித்தேனா? இல்லை. 'கலவையில் தவறு' என்று ரிப்போர்ட் எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

கலவை என்றால் மஸ்தான் பாய். வண்ணாரப்பேட்டைக்காரர். யுத்த காலத்திலிருந்து உருளை மில்லில் நின்று ரப்பரோடு கந்தகமும் ஜிங்க் ஆக்சைடும் சேர்த்துப் பிசைபவர். ஜிங்க் ஆக்சைடு என்பது வெள்ளை மாவு. ரப்பரின் இழைகளைக் கந்தகம் முடிச்சுப் போடுகிறது என்றால், அந்தக் கல்யாணத்துக்குத் தரகர் இந்த மாவுதான். மாவு சரியில்லையென்றால் உறையும் சரியிருக்காது.

மானேஜர் ரிப்போர்ட்டைப் படித்தார். சனிக்கிழமைக்குள் நல்ல சுருள் வராவிட்டால் மஸ்தான் பாய் வேலையை விட்டு வீட்டுக்குப் போகலாம் என்றார்.

பாய் நேராக என்னிடம் வந்தார். "சார், ஒரு அவுன்ஸ் கூட கொறயல. தராசு கீதே, அத்தக் கேளு. இந்த வயசுல என்னை எவன் சார் வேலைக்கு வெப்பான்?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. இருவரும் கலவை அறைக்குப் போனோம். அங்கே மாவு சலித்துக்கொண்டிருந்தாள் அஞ்சலை. நெட்டுக்குப்பத்துக்காரி, ஆலைக்கு வரும் முன் கருவாடு விற்றவள். எங்கள் பேச்சைக் கேட்டவள், சல்லடையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துவிட்டாள்!

"ஐயோ, துப்பு!" என்றேன்.

துப்பினாள். "இன்னா சார் இது, கருவாடு மாரி கரிக்குது?"

எனக்குச் சட்டென்று நினைவு வந்தது. போன மாதம் ராயபுரம் கிடங்கில் கடல் புகுந்து மாவு மூட்டைகள் நனைந்தன. சேதி வந்ததும், "காய வைத்து எடுங்கள்" என்று சொன்ன புண்ணியவான் யார்? நானேதான்! கிடங்கில் வேலை செய்யும் அஞ்சலையின் குப்பத்து ஆட்களும் தங்களுக்குத் தெரிந்தபடி மணலில் ஓலைப்பாய் விரித்து, இரண்டு வேளை புரட்டிப் போட்டு, கருவாடு பக்குவத்தில் காய வைத்திருக்கிறார்கள். தண்ணீர் போயிற்று. உப்பு?

உப்பு அப்படியே ரப்பருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தொட்டியில் ஊறியதும் தண்ணீரை உள்ளே இழுத்து, மின்சாரத்துக்குப் பாதை போட்டுக் கொடுத்துவிட்டது.

"உப்பை ஏன் கழுவவில்லை?" என்று கேட்டேன்... வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"நீ காய வெக்கத்தான சார் சொன்னே? கழுவச் சொன்னியா?" என்றாள் அஞ்சலை.

 ஆனால் வழி இருந்தது! இந்த மாவு தண்ணீரில் கரையாது, உப்பு கரையும். பீப்பாயில் மாவைக் கொட்டி, குழாயைத் திறந்து புழல் ஏரித் தண்ணீரை விட்டோம். கலக்கினோம், படியவிட்டோம், வடித்தோம். ஒவ்வொரு தடவையும் வடித்த தண்ணீரில் அஞ்சலை விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

"கீது சார்... இன்னும் கீது... கொஞ்சூண்டு கீது..." ஆறாவது தடவை, "இப்ப இல்ல!"

மாவை நீராவி அறையில் காய வைத்தோம். பாய் புதுக் கலவை பிசைந்தார். வெள்ளிக்கிழமை புதுச் சுருள் தொட்டிக்குள் போயிற்று.

சனிக்கிழமை. வோல்டேஜை ஏற்றினேன். பாய் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். திங்கட்கிழமை 'பட்' என்ற இடத்தைத் தாண்டினேன். சத்தமில்லை. இன்னும் ஏற்றினேன். முள் அசையவில்லை!

அப்போதுதான் அந்த விசில். பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

பழைய ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டேன். புதியதில் 'தவறுக்குக் காரணம்' என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். மானேஜர் இரண்டு தடவை படித்துவிட்டு, "பாய் மில்லிலேயே இருக்கட்டும். நீர் மட்டும் இனி வாயைத் திறக்குமுன் யோசியும்" என்றார்.

அன்றிலிருந்து நான் ரிப்போர்ட் எழுதப் பேனா மூடியைத் திறந்தால் போதும். சல்லடையோடு போகிறவள் நின்று ஒரு குரல் கொடுக்கிறாள்: "சார், உப்புப் பாத்துட்டியா?"