நடுவில் நின்றுபோன நிரல்

என் மகள் செல்வி பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டிலிருந்தே கொழும்புக் கம்பனிக்குக் கணினி வேலை செய்கிறாள். அவள் எழுதிய நிரல் வீட்டில் ஓடியது. கொழும்பில் பாதியில் நின்றது. சாயங்காலத்துக்குள் சரிசெய்யாவிட்டால் வேலை போய்விடும்.

அவள் ஏதோ தட்டியதும் வீட்டிலும் நின்றது.

“நல்லா ஓடுனதையும் கெடுத்துட்டியே, புள்ள.”

“கெடுக்கலம்மா. கட்டளைகளை ஓட்டுற ஷெல்லை போசிக்ஸ்ங்கிற கண்டிப்பான முறைக்கு மாத்தினேன், கொழும்புல மாதிரியே. இன்னொரு ஃபைலை வாசிக்கச் சொல்ற கட்டளை ஒன்னு இதுல இருக்கு; அந்த ஃபைல் இல்லைன்னா, சாதாரணமா அது முணுமுணுத்துட்டு அடுத்த வேலைக்கு விட்டுரும். இந்த முறையில எல்லாத்தையும் நிறுத்திரும். மத்த நாள் சும்மா விடுற நம்ம கங்காணி, தோட்டத்துத் தொர பக்கத்துல நிக்கிறப்ப ஒரு முத்தின இலைக்காகக் கொழுந்துக் கூடையையே வேணாம்னு திருப்புவாரே, அப்படி.”

“அதுக்காகவே அந்தாளோட சண்டை போட்டவ நான்.”

“தெரியுமே,” என்று சிரித்தபடி, இல்லாத ஃபைலைச் சேர்த்தாள். நிரல் இரண்டு முறையிலும் ஓடியது. வேலை தப்பியது.

கங்காணியோடு போட்ட சண்டைக்கு எனக்கு இன்றும் வருத்தமில்லை. ஆனால் நிரல் நன்றாக ஓடிய நாளெல்லாம் அதிலிருந்த குறை எங்களுக்குத் தெரியாமலே இருந்தது என்பதுதான் இன்னும் உறைக்கிறது.