பேட்டரி மேல் ஒட்டிய தேதி

எங்கள் காரின் பேட்டரியை நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுவேன். நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுவேன். வாங்கிய தேதியை வெள்ளை ஸ்டிக்கரில் எழுதி அதன் தலையில் ஒட்டுவேன். அதே தேதி என் நோட்டிலும் ஏறும். ஆயுத பூஜையன்று பானட்டைத் திறந்து தேதியைப் படித்துவிட்டு, பக்கத்தில் சந்தனப் பொட்டு வைப்பேன்.

இந்த முறை கெடுவுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஆனால் இரண்டாவது பிரசவத்துக்காக மகள் முடிச்சூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மருத்துவர் சொன்ன நாளுக்குப் பத்து நாள்தான் பாக்கி. வலி எடுக்கும் நேரத்தில் கார் கிளம்பாமல் போனால்? தாம்பரத்துக் கடை ஒன்றுக்குப் போன் செய்தேன். மெக்கானிக் புது பேட்டரியை பைக்கில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

பழையதில் மீட்டரை வைத்துப் பார்த்தவர், குனிந்து பக்கவாட்டில் அச்சடித்திருந்த எண்களைப் படித்தார்.

“இன்னா சார், இத்தயா மாத்தச் சொல்றீங்க? சூப்பரா கீது. செஞ்சே ரெண்டு வருசந்தான் ஆவுது.”

“நாலு வருஷம். ஸ்டிக்கரைப் பாருங்க.”

“ஸ்டிக்கர் நீங்க ஒட்னது சார். இது கம்பெனி அடிச்சது.”

ஸ்டிக்கரில் இருந்தது என் கையெழுத்துதான். ஆனால் அதன் மேல் செல்லோடேப். நான் ஒட்டாத செல்லோடேப். இரண்டு ஆயுத பூஜைகளில் அதைத் தொட்டிருக்கிறேன். தேதியை மட்டும்தான் படித்திருக்கிறேன்.

“அவரை அனுப்பிடுங்க. அதை நான்தான் மாத்தினேன்,” என்றாள் வாசலில் நின்ற மனைவி.

“எப்போ?”

“பேத்தி பொறந்த அன்னிக்குச் சாயங்காலம்.”

அன்று நான் ஒரு கல்யாணத்துக்காகத் தென்காசியில் இருந்தேன். புறப்படும் முன்பே அவள், “வண்டி இழுத்து இழுத்துத்தான் ஸ்டார்ட் ஆகுது,” என்றிருந்தாள். நான் நோட்டைத் திறந்து, “இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு,” என்று காட்டிவிட்டு ரயிலேறினேன்.

“சாவியைத் திருப்பினா டக் டக்னு சத்தம் மட்டும்தான். பனிக்குடம் உடைஞ்சு நிக்கிறா இவ. விடியக்காலை, ஒரு ஆட்டோ கிடைக்கல. பால் பாக்கெட் போட வந்த வேனை மறிச்சேன். இவளை முன்னாடி உக்கார வெச்சுட்டு, நான் பின்னாடி பால் பாக்கெட் கூடைங்களுக்கு நடுவுல நின்னுகிட்டே போனேன்.”

அன்றைய தேதியில் என் நோட்டில் இருப்பது இதுதான்: ‘நம் காரில் புறப்பாடு. இருபத்தைந்து நிமிடத்தில் மருத்துவமனை.’ அவள் போனில் சொன்னதைக் கேட்டு நான் எழுதிய வரி. பேத்தியின் முதல் பிறந்தநாளில் சம்பந்தி வீட்டாருக்கு முன் அந்தப் பக்கத்தை உரக்க வாசித்தும் காட்டினேன்.

“ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா ரெண்டு நாள் சாப்பிட்டிருக்க மாட்டீங்க. அதான் ஸ்டிக்கரை உரிச்சுப் புதுசுல ஒட்டிட்டேன்.”

ஜன்னலுக்குப் பின்னாலிருந்து மகளின் குரல் வந்தது: “நீ வாசிச்சப்போ உன் மாப்பிள்ளை ஏன் எழுந்து வெளியே போனார்னு நினைச்ச? சிரிப்பை அடக்க முடியலப்பா!”

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. பேத்தி தெருமுனையிலேயே பிறந்திருக்கலாம். நான் அப்போது பந்தியில் இலை போட்டுக் காத்திருந்திருப்பேன்.

“அப்ப நா கெளம்பட்டா சார்?” என்றார் மெக்கானிக்.

மனைவியைச் சாவி போடச் சொன்னேன். ஒரே திருப்பில் கிளம்பியது. அணைத்துவிட்டு மறுபடி போடச் சொல்லி, பானட் பக்கம் காதை வைத்துக் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.

“அந்தப் பால் வேன்காரர் நம்பர் இருக்கா?” என்றேன்.

“எனக்கு மனப்பாடம்,” என்றாள்.