வரப்புக்குப் போன ஒரு சென்ட்

என் மகள் ஜெமிமாவின் புத்தகப் பைக்குள் ஒரு ஜோடி கவரிங் தோடு இருந்தது. அன்றுதான் எங்கள் வீட்டில் துன்பம் தொடங்கியது. இல்லை, அது முன்பே தொடங்கிவிட்டது. எனக்குத் தெரிந்தது அன்றுதான்.

விசுவாசக் குடும்பத்தாரே, ஆண்டவர் எங்களுக்குச் செய்ததை மறைக்காமல் சொல்ல வந்திருக்கிறேன். நான் ஒரத்தநாட்டுப் பக்கம் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தில் நெல் போடுகிறவன். பத்தாம் வகுப்பில் தவறியவன். மகளுக்கு ஏழு வயது நடக்கும்போது நாங்கள் இரட்சிக்கப்பட்டோம். அவளுக்கு ஜெமிமா என்ற பெயரும் அப்போதுதான் வந்தது. எங்கள் சபை ஒழுங்குப்படி மூவரும் நகைகளைக் கழற்றினோம். எனக்கும் என் மனைவி கலாவுக்கும் அது சந்தோஷம். பிள்ளையை யாரும் கேட்கவில்லை.

ஏழாம் வகுப்பில் அவளை மற்றப் பிள்ளைகள் "மூளிக்காது" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். "மூளிக்காது வருது, வழி விடுங்கடி" என்பார்களாம். அவள் எங்களிடம் சொல்லவில்லை. தோழி ஒருத்தியிடம் தோடு வாங்கி, காலையில் பஸ் ஸ்டாப்பில் மாட்டிக்கொண்டு, மாலையில் இறங்கியதும் கழற்றியிருக்கிறாள். சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. அறுப்பு மெஷின் வந்த நேரத்தைக் குறிக்கப் பேனா தேடி அவள் பையில் கைவிட்டேன். தோடு வந்தது.

நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். அவள் அழவில்லை.

"உங்களுக்கு என்னப்பா, வயலுக்குத்தானே போறீங்க. வயல் உங்கள மூளின்னு சொல்லுமா?" என்றாள்.

மறுநாளே பள்ளியிலிருந்து நிறுத்தினேன். இனி வீட்டிலேயே படிப்பு என்றேன். விசுவாசத்தில் எடுத்த முடிவு என்று சபையில் சொன்னேன். இன்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது கோபத்தில் எடுத்த முடிவு.

காலையில் ஜெபம், வேத வாசிப்பு. பிறகு தமிழும் அறிவியலும் கலா சொல்லிக்கொடுத்தாள். கணக்கு என் பொறுப்பு. எனக்குத் தெரிந்த கணக்கு நிலக் கணக்கு. ஒரு ஏக்கருக்கு நூறு சென்ட். ஏக்கருக்கு மூன்று மா. மாவுக்கு முப்பத்துமூன்று சென்ட். மூன்று முப்பத்துமூன்று தொண்ணூற்றொன்பதுதானே, மீதி ஒரு சென்ட் எங்கே என்று கேட்டாள். எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வதையே நானும் சொன்னேன். "அது வரப்புக்குப் போயிடும்."

பங்குனி மாதத்தில், பள்ளிக்கு வராத பிள்ளைகளைக் கணக்கெடுக்கும் டீச்சரம்மா ஒருவர் வீட்டுக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். ஜெமிமாவை வாசிக்கச் சொன்னார். நன்றாக வாசித்தாள். அடுத்து, "நூறு முறுக்கு. மூணு பேருக்குச் சமமா பங்கு போடு பாப்போம்" என்றார்.

"ஆளுக்கு முப்பத்துமூணு மேடம்."

"மீதி ஒண்ணு?"

"வரப்புக்குப் போயிடும் மேடம்."

"முறுக்குக்கு ஏதும்மா வரப்பு?"

அவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். "ஐயா, பின்னமே தெரியல. அடுத்த வருஷம் தனித்தேர்வரா எட்டாவது எழுதட்டும். தேறலைன்னா பள்ளிக்கூடம்தான். நானே வந்து கூட்டிட்டுப் போவேன்" என்றார்.

ஜெமிமாவின் முகம் வெளிறிவிட்டது. அந்த வகுப்பு, அந்தப் பெயர், எல்லாம் மறுபடியும். அவளை அங்கே துவண்டுபோக விட்டவனும் நான்தான். வீட்டில் வைத்து வீணாக்குகிறவனும் நான்தான். தலையை எங்கே முட்டிக்கொள்வது?

மூன்று நாள் உபவாசம் இருந்தேன். பம்புசெட் கொட்டகையில் முழங்காலிட்டேன். "ஆண்டவரே, கணக்குத் தெரிந்த ஒரு சகோதரியை அனுப்பும். நம்ம சபைக்காரியாகவே அனுப்பும்" என்று கேட்டேன்.

அடுத்த வாரம் ஒரத்தநாட்டில் ஒரு வீட்டுக்கு அரிசி மூட்டை இறக்கப் போனேன். எங்கள் வயல் அரிசியை வீடுகளுக்கு நானே கொடுப்பது வழக்கம். புதிதாகக் குடிவந்த வீடு. கூத்தாநல்லூர்க்காரர்கள். கூடத்தில் கரும்பலகை. முன்னால் இரண்டு பிள்ளைகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஸ்கூல் லீவாம்மா?"

"இல்லண்ணே, இதான் ஸ்கூலு. டீச்சரும் நான்தான், ஆயாவும் நான்தான்" என்று சிரித்தார் அந்த அம்மா. பெயர் சபீனா. கணக்கில் பட்டம் படித்தவர். "விடியக்காலைல குர்ஆன் மனப்பாடம் பண்றாங்க. ஸ்கூல் வேன் ஏழு மணிக்கே வந்துடும். ரெண்டுல ஒண்ண விடணும்ணே. நான் வேன விட்டுட்டேன்."

என் கதையைச் சொன்னேன். முறுக்குக்கு வரப்பு என்றதும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு, "அனுப்புங்கண்ணே. எம்புள்ளைங்களோட உக்காரட்டும்" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அரிசிக்காசை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு வாரம் மனதுக்குள் போராட்டம். மற்றவர்கள் வழக்கம் ஒட்டிவிடும் என்று சொல்லிப் பள்ளியிலிருந்து நிறுத்திய பிள்ளையை, வேறு நம்பிக்கைக்காரர் வீட்டுக்கே அனுப்புவதா? கலாதான் கேட்டாள்.

"கணக்கு டீச்சர் கேட்டீங்க. கர்த்தர் கொடுத்திருக்காரு. அவங்க எந்த வீட்டுலேருந்து வரணும்னும் நீங்களே அவருக்குச் சொல்லித் தரணுமா?"

அன்று இரவு பாவமன்னிப்புக் கேட்டேன். செவ்வாய்க்கிழமையே பிள்ளையைக் கொண்டுபோய் விட்டேன்.

குறுவை நடவு சமயத்தில் சபீனாம்மா தன் பிள்ளைகளோடு எங்கள் வயலுக்கு வந்தார். பிள்ளைகளைக் கயிறு பிடிக்கச் சொல்லி நிலத்தை அளக்க வைத்தார். பிறகு சொன்னார். "அண்ணே, அந்த ஒரு சென்ட்டு எங்கயும் போகல. அத மூணாக்கி மூணு மாவுக்கும் கொடுத்துட்டா, அதான் பின்னம்."

நாற்பத்தைந்து வயதில், முழங்கால் சேற்றில் நின்று எனக்குப் பின்னம் புரிந்தது.

ஆனால் நான் கேட்காத ஒன்றையும் ஆண்டவர் கொடுத்தார். ஒரு மதியம் ஜெமிமாவை அழைத்துவரப் போனேன். சபீனாம்மா உள்ளே தொழுகையில் இருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, அவர் மகள் ஆயிஷா கேட்பது காதில் விழுந்தது.

"ஏன் ஜெமி நீ தோடு போடல? தொலைச்சிட்டியா?"

ஒரு காலில் செருப்போடு கதவுப் பக்கம் காதை வைத்தேன்.

"இல்ல. எங்க வீட்ல போட மாட்டோம்."

"ஓ. எங்கம்மா நெயில் பாலிஷ் போட விட மாட்டாங்க. சரி, ஸ்கேல கொடு."

அவ்வளவுதான். கோடு போடும் சத்தம் கேட்டது. ஒரு ஜோடி தோட்டை மறைத்து மறைத்து வாழ்ந்த பிள்ளை, குரல் தாழாமல் பதில் சொல்லிவிட்டாள். நான் வாசலிலேயே நின்று அழுதேன்.

அடுத்த வருடம் ஆடியில் தேர்வு எழுதினாள். எல்லாப் பாடத்திலும் தேறினாள். ஸ்தோத்திரம்! அந்த டீச்சரம்மா மறுபடியும் வந்தார். மார்க்கைப் பார்த்தும் விடவில்லை.

"என்னம்மா, அந்த நூறு முறுக்கு?"

"ஆளுக்கு முப்பத்துமூணு மேடம். மீதி ஒண்ண மூணா உடைச்சுக் கொடுத்துடணும். வரப்புக்கு ஒண்ணும் கிடையாது."

இந்த முறை அவர் சிரித்தார்.

அவர் போன பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக மகளிடம் கேட்டேன். "பள்ளிக்கூடத்துக்குப் போறியாம்மா, வீட்டுலயே படிக்கிறியா?" இரண்டு நாள் யோசித்தாள். பத்தாவது வரை வீட்டில், பதினொன்றாவது பள்ளியில் என்றாள். "யார் என்ன சொன்னாலும் நான் பாத்துக்குறேம்ப்பா" என்றாள். அந்த முடிவில்தான் இப்போது நிற்கிறோம். யாருக்காகவும் மாற்றப்போவதில்லை.

போன மாதம் திருவையாற்றுப் பக்கமிருந்து ஒருவர் எங்களைத் தேடி வந்தார். அவர் மகள் கோயிலில் பதிகம் பாடப் பழகுகிறாள். பள்ளி நேரம் ஒத்துவரவில்லையாம். வீட்டிலேயே படிக்க வைப்பது எப்படி என்று கேட்டார். அவர் வழி வேறு, என் வழி வேறு. ஆனாலும் அவருக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னேன். அதற்கு முன் ஒன்று கேட்டேன். "பாப்பாகிட்ட கேட்டீங்களா?"

பிள்ளைக்காகக் கண்ணீரோடு இருக்கிறவர்களே, கேளுங்கள். என் ஆண்டவர் கேட்டதற்குமேல் கொடுக்கிறவர். அவர் அனுப்புகிறவர் உங்கள் வாசலில் வந்து நின்றால், என்னைப்போல ஒரு வாரம் காக்க வைக்காதீர்கள்.