ஆண்டெனாவுக்கு முதுகு கிடையாது

நேற்று சாயந்திரம் தோப்பில்...

போனில் அவசரமாகத் தட்டுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: கல்யாண வீடுகளில் டிரோன் ஓட்டுவது என் வேலை. பிறந்தது நகரி, வாழ்க்கைப்பட்டது பங்காருபாளையம். நான் ஓட்டுவேன், வீட்டுக்காரர் பேட்டரிப் பையோடு பின்னால் வருவார். (அவரும் இதைப் படிப்பார். வணக்கம்.)

எங்கள் மாமனாருக்கு மலையோரமாக மாந்தோப்பு. காய் முற்றி, இன்று காலை பறிக்க ஆள் சொல்லியிருந்தது.

போன வாரம் பக்கத்துத் தோப்பில் யானை புகுந்து கிளை கிளையாக முறித்துப் போட்டுவிட்டது. அன்றிலிருந்து மாமனார் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டில் கை வைப்பார், மலையைப் பார்ப்பார், எழுந்துவிடுவார்.

பார்க்கச் சகிக்கவில்லை. டிரோனை மலைப்பக்கம் அனுப்பி, யானை எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

சிக்கல் ஒன்றுதான். எங்கள் டிரோன் பழசு. தோப்புக்கு அடுத்த புளியமரங்களைத் தாண்டினாலே படம் கட்டம் கட்டமாக உடையும்.

அதனால் ரிமோட்டின் ஆண்டெனாவில் கை வைத்தேன். கேக் அட்டையை வெட்டி வளைத்து, பிரியாணி பார்சலில் வரும் வெள்ளித்தாளை ஒட்டி, இரண்டு ஆண்டெனாவுக்கும் பின்னால் முறம் மாதிரி நிறுத்தினேன். நாலாபக்கமும் சிதறுகிற சிக்னல் முறத்தில் பட்டு முன்பக்கமாகவே போகும். தூரம் கூடும்.

(கண்ணுக்கு எட்டும் தூரத்தில்தான் ஓட்டவேண்டும் என்பது ரூல். தெரியும். திட்டுபவர்கள் வரிசையில் வரவும்.)

ஒரே ஒரு நிபந்தனை. டிரோன் போகிற பக்கமே பார்த்து நிற்கவேண்டும். திரும்பினால் சிக்னல் காலி.

மாமனார் ரிமோட்டை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா, இதுக்கு யானக் காது மாட்டிக்கினு வந்துகீற?"

தோப்புக் காவலுக்கு அவரிடம் ஒரு சட்டம் உண்டு. இரண்டு பேர் நின்றால் முதுகோடு முதுகு வைத்துத்தான் நிற்கவேண்டும். ஒருவர் மலையைப் பார்க்க, ஒருவர் ஊரைப் பார்க்க. பேசினாலும் திரும்பாமல்தான் பேசுவார்.

நேற்றும் அப்படித்தான் ஆரம்பித்தோம். நானும் வீட்டுக்காரரும் மலையைப் பார்த்து, மாமனார் எங்களுக்கு முதுகைக் காட்டி மோட்டார் ரூமும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கிற பக்கம்.

டிரோன் கிளம்பியது. புளியமரங்களைத் தாண்டியது. சிக்னல் ஃபுல். மலையடிவாரம் வரை போய்விட்டது. கண்ணாடி மாதிரி படம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை.

"மாமா, மலையே தெரியுது. வந்து பாருங்க."

"நெஜமாவா?"

அத்தனை வருடச் சட்டம் அந்த ஒரு வார்த்தையில் போயிற்று. வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அடிவாரம், ஓடை, புதர், எல்லாம் காலி.

"ஏனுகு லேது, யான இல்ல. இன்னிக்காவது நிம்மதியா துன்னலாம்," என்றார். அவர் முகத்தைப் பார்த்து எனக்கே கண் கலங்கிவிட்டது.

பிறகு வெற்றிலை எச்சிலைத் துப்பத் திரும்பினார்.

துப்பவில்லை.

"அம்மா, அசையாத."

"ஏன் மாமா?"

"பின்னால கீது."

நீங்கள் என்றால் திரும்பமாட்டீர்களா? நானும் திரும்பினேன்.

தொட்டியில் தும்பிக்கையை விட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. ஒற்றை ஆண் யானை. எங்கள் வீட்டு வாசலுக்கும் எதிர்வீட்டு வாசலுக்கும் உள்ள தூரம்தான். அவ்வளவு பெரிய உடம்பு வந்த சத்தம் மூன்று பேரில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

என்னோடு ரிமோட்டும் திரும்பியதால் சிக்னல் அறுந்து திரை சாம்பலாகிவிட்டது. அதைப் பார்க்கிற நிலையிலா இருந்தேன்?

வீட்டுக்காரர், யானையை விரட்டக் கொண்டுவந்திருந்த பட்டாசுப் பையில் கையை விட்டார்.

"நைனா, கொளுத்தட்டா?"

"வத்துடா, வேணாம். இவ்ளோ கிட்ட வெடிச்சா நம்ம மேலதான் வரும்."

ஓடவும் முடியாது, கத்தவும் முடியாது. நகரியில் அம்மா வீட்டில் விட்டுவந்த மகள் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், செத்தோம் என்றே நினைத்தேன்.

யானை குடித்து முடித்தது. தலையைத் தூக்கியது. எங்களைப் பார்த்து ஒரு அடி எடுத்து வைத்தது.

அப்போது மேலே ஙொய்யென்று ஒரு சத்தம்.

சிக்னல் அறுந்தால் டிரோன் கிளம்பின இடத்துக்கே தானாகத் திரும்பி வரும். கிளம்பின இடம் தொட்டிக்கும் எங்களுக்கும் நடுவில் விரித்திருந்த பாய். தேனீக்கூட்டம் மாதிரி இரைந்துகொண்டு வந்து, யானைக்கு நேர் எதிரே இறங்க ஆரம்பித்தது.

யானை காதை விரித்தது. பின்னால் நகர்ந்தது. சட்டென்று திரும்பி, வேலியை மிதித்துக்கொண்டு மலையைப் பார்த்துப் போயே போய்விட்டது. ஒரு காயைக்கூடத் தொடவில்லை.

திரும்பக்கூடாது என்ற ஒரே நிபந்தனையை நான் மீறியதால் பிழைத்தோம்.

மூவரும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டோம். வீட்டுக்காரர் கையில் இருந்த தீப்பெட்டியை நான்தான் விரல் விரலாகப் பிரித்து வாங்கினேன்.

கதை இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

இன்று காய் பறிப்பு நடக்கும்போது, டிரோன் எடுத்த வீடியோவைப் போனில் போட்டுப் பார்த்தேன். பாயிலிருந்து மேலே ஏறுகிறது. கீழே நாங்கள் மூவரும் சின்னதாகத் தெரிகிறோம். மோட்டார் ரூமுக்குப் பின்னால், படத்தின் ஓரத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு பாறை.

எங்கள் தோப்பில் பாறையே கிடையாது.

நாங்கள் பாய் விரிப்பதற்கு முன்பே அது அங்கே நின்றிருக்கிறது. தரையில் நின்றால் தெரியாது, மோட்டார் ரூம் மறைக்கும். ஆனால் இந்தப் படம் என் கையில் இருந்த திரையில் ஓடியிருக்கிறது. நான் சிக்னல் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமனாரிடம் காட்டினேன். வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு போனை என் கையிலேயே கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"தூரமா பாத்தது போதும்மா. கிட்ட தெரியறதுக்கு எதுனா மாட்டு."