கொட்டாஞ்சேனை வெயிலில் ஒரு ஹீற்றர்

கராஜ் தொழிலில் கையில் கிரீஸ் படாத ஆளுக்குத்தான் அதிகம் ஏச்சு விழும். கொட்டாஞ்சேனையில் அன்ரன் அண்ணை நடத்தும் கராஜில் அந்த ஆள் நான். பௌதிகவியலில் பட்டம் வாங்கிவிட்டு, வெள்ளவத்தையிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, உள்ளே வரும் கார்களைப் படம் பிடித்துப் பதிகிறேன், "எப்ப முடியும்?" என்று கேட்பவர்களுக்கு மறுமொழி சொல்கிறேன். புது ஆளோடு கதைப்பதென்றால் எனக்கு வாய் வராது. கார் எப்போது கைக்கு வரும் என்று தெரியாமல் கராஜ் வாசலில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றவர்களே, மேசைக்கு இந்தப் பக்கமும் அதே அவஸ்தைதான்.

பிரசன்னா அண்ணையின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரோடு நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். இரண்டு கதவு, டர்போ எஞ்சின், இருபது வயது. போன மாதம் வருங்கால மாமனாரை அதில் ஏற்றி அவருடைய ஊரான நுவரெலியாவுக்குக் கூட்டிப்போனபோது, இறம்பொடை ஏற்றத்தில் கொதித்து நின்றுவிட்டது. மாமனார் வெறும் போத்தலோடு இறங்கித் தண்ணீர் தேடிப் போனாராம். இனி ஒருமுறை கொதித்தால் எஞ்சின் மிஞ்சாது, மாற்று எஞ்சினும் இந்த நாட்டில் கிடைக்காது என்று எங்கள் தலைமை மெக்கானிக் நிமால் பாஸ் சொல்லிவிட்டார். வரும் ஞாயிறு நுவரெலியாவில் நிச்சயதார்த்தம். சனிக்கிழமை அதே மாமனாரை அதே காரில் அதே மலைக்கு ஏற்ற வேண்டும்.

பெட்டி

அதற்காகப் பிரசன்னா அண்ணை வெளிநாட்டிலிருந்து ஒரு செட் எடுப்பித்திருந்தார். எஞ்சின் தண்ணீரைக் குளிர்விக்கப் பெரிய அலுமினிய ரேடியேற்றர். டர்போ அனுப்பும் சூடான காற்றைக் குளிர்விக்க, அதற்கு முன்னால் பூட்டும் இன்ரர்கூலர். நீல நிறத்தில் தடித்த ரப்பர் ஹோஸ்கள். திங்கட்கிழமை காலை, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் வந்து இறங்கினார். பெட்டியைத் தரையில் வைக்கவும் விடவில்லை.

திறந்தால் சந்தன வாசம். அவருடைய அம்மா செட்டைச் சாமியறையில் வைத்துப் பூசை செய்து, இன்ரர்கூலரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தார். அந்த இடுக்குகளால்தான் காற்றுப் போகவேண்டும் என்பது எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. நிமால் பாஸ் அதைத் துடைக்கத் துணியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். கடைசியில் செட்டோடு வந்த விளக்கத்தாளை என் கையில் தந்துவிட்டு, தங்கச்சி என்பதைத் தன் சிங்களத்தில் சொல்லி, மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"நங்கி, பொட்டு உள்ள பக்கம் முன்னுக்கா, பின்னுக்கா?"

வெட்டு

புது இன்ரர்கூலர் பழையதைவிட இரண்டு மடங்கு அகலம். பம்பரின் உட்பக்கத்தை வெட்டினால்தான் இடம் கிடைக்கும். வெட்டினால் வெட்டினதுதான், பிறகு ஒட்ட முடியாது. சொந்தக்காரரிடம் கேட்காமல் கை வைக்கக்கூடாது என்பது அன்ரன் அண்ணையின் சட்டம். கேட்கும் வேலை என்னுடையது. மூன்று தரம் நம்பரை அழுத்தி, மணி அடிக்க முதல் அழைப்பை வெட்டிவிட்டு, நாலாம் தரம்தான் கதைத்தேன். பிரசன்னா அண்ணை கொள்ளுப்பிட்டி அலுவலகத்திலிருந்து அரை மணித்தியாலத்தில் வந்து நின்றார்.

பம்பரை ஒரு தரம் தடவிப் பார்த்தார். தலையாட்டினார். பிறகு, பிள்ளைக்குக் காது குத்தும்போது வெளியே போய் நிற்கும் தகப்பன்மாரைப் போல, கேற்றுக்கு வெளியே போய் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அறுக்கும் வாள் கீச்சிட்டபோது அவருடைய தோள் இரண்டும் காதுவரைக்கும் உயர்ந்தன. முடிந்தது என்று சொல்ல நான் போனபோது, திரும்பாமலே சொன்னார்:

"நீங்க முதல் ஒருக்காப் பாத்திட்டு வாங்கோ தங்கச்சி. வடிவா இருந்தாத்தான் நான் திரும்புவன்."

மாமனார்

வெள்ளிக்கிழமை பின்னேரம் மாமனாரே வந்துவிட்டார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். நிச்சயதார்த்தச் சேலை எடுக்க வெள்ளவத்தைக்கு வந்தவர், வண்டியையும் ஒரு கண் பார்க்கலாம் என்று நினைத்திருக்கிறார். அந்த நேரம் காருக்கு முகமே இல்லை. பம்பர் ஒரு மூலையில், விளக்குகள் இன்னொரு மூலையில், ஹோஸ்கள் குடலைப்போல் வெளியே. நிமால் பாஸின் கால்கள் மட்டும் காருக்கு அடியில் தெரிந்தன.

மாமனார் மூலையில் கிடந்த பம்பரைப் பார்த்தார். காரைச் சுற்றி வந்தார். நான் கதிரை கொடுத்தேன், இருக்கவில்லை. தேத்தண்ணி கொடுத்தேன், குடிக்கவில்லை. நான் மேசையில் இருந்த பேனைகளை நிறவாரியாக அடுக்கத் தொடங்கினேன். கூட வந்திருந்த பிரசன்னா அண்ணை கைபேசியில் கதைக்க வெளியே போன நேரம் பார்த்து, மாமனார் மேசைக்குக் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்:

"பிள்ளை, காலமை நுவரெலியாவுக்கு முதல் பஸ் எத்தினை மணிக்கெண்டு தெரியுமே?"

ஹீற்றர்

சனிக்கிழமை காலை எல்லாம் பூட்டியாயிற்று. புது ரேடியேற்றருக்குத் தண்ணீர் விட்டால் உள்ளே காற்றுக் குமிழ்கள் அகப்பட்டுக்கொள்ளும். அவை வெளியேறாமல் மலை ஏறினால் திரும்பவும் கொதிக்கும். அதற்கு ஒரு வழி உண்டு. காரின் மூக்கை உயர்த்தி நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஹீற்றரை முழுச் சூட்டில் போடவேண்டும். ஹீற்றருக்கும் எஞ்சின் தண்ணீர்தான் போகிறது. ஆகவே உள்ளே சூடான காற்று வந்தால் தண்ணீர் எல்லா இடமும் ஓடுகிறது என்று அர்த்தம்.

கொழும்பு வெயிலில் ஹீற்றர் போட்ட காருக்குள் யார் இருப்பது? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஏறி இருந்தேன். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். காற்று ஐஸ் இல்லாத சர்பத்தைப் போல வந்துகொண்டிருந்தது. "ஆ, இந்த ஊர்ல ஹீற்றர் ஆருக்கு? முந்தின கராஜ் அந்தப் பைப்பைக் கழட்டிக் கட்டியிருக்கும். அதுதான் சூடு வரல்ல," என்றார் நிமால் பாஸ். எங்கள் ஊரில் அது வழக்கம்தான். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளும் நடுவில் ஒழுங்காக நின்றது. கேற்றடியில் மாமனார் பயணப் பையோடும் சேலைப் பெட்டியோடும் மணிக்கூட்டைப் பார்த்தார். பிரசன்னா அண்ணை கண்ணாடிக்கூடாக எட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்:

"நல்ல காலம் தங்கச்சி, உங்களுக்கு வேர்க்கவே இல்லை."

கதவு

"வினோ, இறங்குங்க. கார்த் திறப்பக் குடுங்க, அவங்க போகட்டும்," என்றார் அன்ரன் அண்ணை. நான் அதற்குள் கைபேசியில், கார் வந்த அன்று எடுத்த படங்களைப் பார்த்துவிட்டேன். ஹீற்றருக்குப் போகும் பைப் இரண்டும் அப்படியே இருந்தன. ஒருவரும் கழற்றவில்லை. என்றால் காற்று இன்னும் உள்ளே நிற்கிறது. காற்றுக் குமிழை முள் காட்டாது, நடுவில் நிற்கிறதே என்று அதை நம்பி மலை ஏறக்கூடாது. வசனம் முழுவதும் மனதில் ஆயத்தமாக இருந்தது. வாயைத் திறந்தேன், "இல்லை" என்பது மட்டும் வந்தது. ஆகவே இறங்கவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டேன்.

அன்ரன் அண்ணை கண்ணாடியில் தட்டினார். பிரசன்னா அண்ணையும் தட்டினார். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, கைபேசியை மட்டும் வெளியே நீட்டினேன். நிமால் பாஸ் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், ஜாக்கை எடுத்து மூக்கை இன்னும் உயர்த்தினார். ஹோஸைப் பிசைந்தார். 'குபுக்' என்று ஒரு சத்தம். தண்ணீர் மட்டம் சட்டென்று இறங்கியது. ரேடியேற்றர் ஒன்றரைப் போத்தல் தண்ணீரை மேலதிகமாகக் குடித்தது. அடுத்த நிமிடம் பேக்கரிப் போறணை வாயைத் திறந்ததுபோல் என் முகத்தில் சூடு அடித்தது. ரேடியேற்றர் மின்விசிறி இரண்டு தரம் ஓடி நிற்கும்வரை, வேர்வையில் குளித்தபடி அப்படியே இருந்தேன். மாமனார் பயணப் பையைக் கீழே வைத்துவிட்டு, வந்து கண்ணாடியருகே குனிந்தார்:

"ஆறுதலா இரு பிள்ளை. நீ இறங்கினாப் பிறகுதான் நான் ஏறுவன்."

தொலைபேசி

பதினொன்றரைக்குப் புறப்பட்டார்கள். அதன் பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பேலியகொடைப் பாலம் தாண்டியிருப்பார்களா, கண்டி வந்திருக்குமா, ஏற்றம் தொடங்கியிருக்குமா என்று சுவர் மணிக்கூட்டோடு மல்லுக்கட்டினேன். ஐந்தரைக்குத் தொலைபேசி அடித்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக முதல் மணியிலேயே எடுத்தேன். மாமனாரின் குரல், பின்னால் எஞ்சின் அமைதியாக ஓடும் சத்தம்:

"ஒரு சொட்டும் கொதிக்கேல்லைப் பிள்ளை, இறம்பொடை தாண்டி வீட்டு வாசலுக்கு வந்திட்டம், மருமோனுக்கு ஸ்டியரிங்கை விட மனமில்லை, எனக்குக் குளிர் தாங்கேல்லை, அந்தச் சூட்டுக் காத்துக்கு எந்தக் குமிழைத் திருப்ப வேணும்?"

வாய் பேச வராதவளும் கராஜில் பிழைத்துக்கொள்ளலாம், காருக்குள் இருந்து இறங்காமல் இருக்கத் தெரிந்திருந்தால்.