படகுக்கு வைத்த எலுமிச்சம்பழம்

காலையில் வாசலில் ஸ்கூட்டி ஹாரன் கேட்டது. அது பாவாயி அக்காவின் வண்டி. தொண்டை கட்டிய அந்த ஹாரனை எங்கள் தெருவே அறியும். அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு, "உள்ளே வந்தால் என்னவாம் மகாராணி" என்று குரல் கொடுத்துக்கொண்டே கதவைத் திறந்தேன். வண்டியில் அக்கா இல்லை. அவருடைய கணவர் நல்லசாமி அண்ணன் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"பாவாயி போயிட்டாளுங்க டீச்சர்" என்றார். விடிகாலையில் நெஞ்சு வலிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தவர், ஆம்புலன்ஸ் வருவதற்குள் அண்ணன் தோளிலேயே சாய்ந்துவிட்டாராம். "போன்ல சொல்ல மனசு ஒப்பலீங்க. அதான் நேர்ல வந்தேன்."

நாமக்கல்லில் எங்கள் பெண்கள் பள்ளியில் பாவாயி அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்கும், அவரிடம் தையல் படித்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நல்லசாமி அண்ணன் தனியாக ஸ்கூட்டி ஓட்டி வந்தார் என்று படித்ததுமே உங்களில் பலர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். அவரைத் தெரியாதவர்களுக்காகக் கதையை முதலிலிருந்தே சொல்கிறேன்.

நான் சேலத்துக்காரி, கத்தோலிக்கக் குடும்பம். பூகோள ஆசிரியையாக இந்தப் பள்ளிக்கு வந்த முதல் நாள், ஆசிரியர் அறையில் தையல் மெஷினுக்குப் பின்னால் இருந்து ஒரு குரல், "வா சாமி, வந்து உக்காரு" என்றது. எங்கள் வீட்டில் சாமி என்றால் பூசை வைக்கிற சாமியார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்தப் பக்கம் பெரியவர், சின்னவர் எல்லோருமே சாமிதான் என்பது பிறகுதான் தெரிந்தது. அக்காவின் வாயில் நான் ஒரு நாளைக்குச் சாமி, ஒரு நாளைக்கு அம்மிணி. கோபம் வந்தால் மட்டும் ஸ்டெல்லா டீச்சர். அந்த டீச்சர் பட்டத்துக்குத்தான் நான் பயப்படுவேன்.

அவர் வகுப்பில் பிள்ளைகளுக்கு முதலில் தைக்கக் கற்றுத்தர மாட்டார். தப்பாகத் தைத்த துணி ஒன்றைக் கொடுத்து, துணி கிழியாமல் நூலைப் பிரிக்கச் சொல்வார். பெற்றோர் வந்து, பிள்ளை இரண்டு மாதமாகப் பிரித்துக்கொண்டே இருக்கிறாள் என்று சண்டை போட்டதுண்டு. "பிரிக்கத் தெரியாதவளுக்குத் தைக்கத் தெரியாதுங்க" என்பார் அக்கா, அசராமல். அந்தப் பேச்சை அப்போது நாங்கள் ஆசிரியர் அறையில் கேலி செய்து சிரித்திருக்கிறோம்.

நல்லசாமி அண்ணன் கேஸ் டேங்கர் ஓட்டியவர். மங்களூரில் லோடு ஏற்றிக்கொண்டு கடற்கரைச் சாலையோடு வடக்கே போய்த் திரும்புவது அவருடைய வழக்கமான லைன். ஒவ்வொரு முறை அவர் கிளம்பும்போதும் அக்கா முன் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார். வண்டி அதை நசுக்கிப் போனால்தான் வீட்டுக்குள் திரும்புவார். லாரி ஊரில் இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நான் மட்டும், எலுமிச்சம்பழத்தை ஊறுகாய் போட்டாலாவது புண்ணியம் என்று வாயடிப்பேன். "உங்க கோயில்ல மெழுகுவத்தி எரிஞ்சு வீணாப் போகலியா?" என்று ஒரே கேள்வியில் என் வாயை அடைத்துவிட்டார்.

ஒரு சாயங்காலம் அந்தக் கடற்கரைச் சாலையில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குறுக்கே வந்த ஒரு பெரியவர் அண்ணனின் வண்டியில் அடிபட்டு இறந்துபோனார். அண்ணன் மேல் தப்பில்லை என்று வழக்கு முடிந்தது. ஆனால் அவர் அளவில் அது முடியவில்லை. பிறகு அவர் எந்த ஸ்டியரிங்கையும் தொடவில்லை, சைக்கிளைக்கூட. எங்கே போவதானாலும் அக்காவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து, மளிகைப் பையை மடியில் வைத்துக்கொண்டு போவார். அத்தனை பெரிய டேங்கரை ஓட்டியவர் பெண்டாட்டி முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு போகிறார் என்று ஊர் சிரித்தது. அப்படிப் போகும்போதும் அவருடைய வலது கால் ஸ்கூட்டியின் கால்மிதியை அழுத்திக்கொண்டே இருக்கும். ஒரு நாய் குறுக்கே வந்தால் போதும், இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து வேர்த்துப்போவார்.

ஊர் சிரித்ததைப் பற்றி அக்கா கவலைப்படவில்லை. அவருடைய கவலை வேறு. ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் என் வீட்டில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருக்கும்போது சொன்னார். "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவிய யாரு பின்னால உக்காருவாங்க, அம்மிணி?" நான் ஏதோ சமாதானம் சொல்லப் போனேன். அவர் கேட்கவில்லை. ஆய்ந்த தழையை என் பக்கம் தள்ளிவிட்டு, உனக்குத்தான் கடலெல்லாம் தெரியுமே, கடலில் வண்டி மாதிரி ஏதாவது போகுமா என்று கேட்டார்.

கடலெல்லாம் எனக்கு வரைபடத்தில்தான் தெரியும். மேட்டூர் அணையைத் தாண்டிப் பெரிய தண்ணீரை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் விசாரித்தேன். உடுப்பியில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி, மல்பே துறைமுகத்திலிருந்து கார்வார் வரை கரையோரமாகவே போகும் ஒரு மோட்டார் படகைப் பற்றிச் சொன்னாள். அவசரமே இல்லாத பயணமாம். பகலில் போகும், வழியில் உள்ள துறைமுகங்களில் நின்று நின்று போகும், இரவில் கரையில் தங்கலாம். உடுப்பி வரை ரயில், அங்கிருந்து படகு என்று மூன்று பேருக்கு இடம் பிடித்தோம். அண்ணன் மறுக்கவில்லை. ரோடு இல்லாத பயணம் என்பதால் சம்மதித்தார்.

மல்பேயில் மீன் வாடையும் ஐஸ் உடைக்கும் சத்தமும் நிறைந்த துறையில் மற்ற பயணிகள் எல்லாம் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா மட்டும் ஏறவில்லை. கைப்பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து வைத்துக்கொண்டு படகைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எனக்குப் புரிந்துபோய் மானம் போனது. படகுக்குச் சக்கரம் கிடையாது என்று பூகோள ஆசிரியையான நான் அவர் காதோடு சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் நகரவில்லை. படகோட்டி நாராயணா பொறுமை இழந்து ஏதோ கன்னடத்தில் சொன்னார். அப்போதுதான் அக்காவின் பார்வை படகின் பக்கவாட்டில் நின்றது. சுவரில் இடிபடாமல் இருக்க அங்கே பழைய லாரி டயர்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். "ஏனுங்க, இங்க பாருங்க, நம்ம டயரு" என்றார் கணவரிடம்.

நல்லசாமி அண்ணன் குனிந்து பார்த்தார். லாரி டயர்தான், தேய்ந்த பிறகு மேலே புது ரப்பர் ஒட்டி ஒரு முறை ரீட்ரெட் போட்டது என்றார். அந்தப் பயணத்தில் அவர் தானாகப் பேசிய முதல் பேச்சு அது. அக்கா டயருக்கும் துறைச் சுவருக்கும் நடுவில் பழத்தைச் செருகினார். ஒரு சின்ன அலை வந்து படகைத் தள்ள, பழம் நசுங்கிச் சாறு சுவரில் வழிந்தது. அக்கா டயரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வெற்றி வீராங்கனை மாதிரி ஏறி உட்கார்ந்தார். நாராயணாவுக்கு விஷயத்தை விளக்கியதும் அவருக்கும் பிடித்துப்போனது. அடுத்த துறைமுகங்களில் பழம் எங்கே என்று அவரே கேட்டு வாங்கி வைத்தார்.

அந்தக் கரையின் அழகைப் பற்றி நான் நிறையச் சொல்லலாம். தென்னை மரங்கள், அதற்குப் பின்னால் நீலமாக மலை, ஆறுகள் கடலில் கலக்குமிடத்தில் இரண்டு நிறத்தில் தண்ணீர். வகுப்பில் நான் சுண்ணாம்புக் கட்டியால் ஒரே கோடாக இழுத்த மேற்குக் கரை இத்தனை வளைவும் நெளிவுமாக இருந்தது. கங்கொள்ளித் துறையில் நின்று சுடச்சுட மீன் சாப்பிட்டோம். அக்கா கறி தின்னாத கிழமை என்று மோர் சோற்றோடு நிறுத்திக்கொண்டு, எனக்கு முள் எடுத்துக் கொடுத்தார்.

கங்கொள்ளியைத் தாண்டியதும் ஓரிடத்தில் நெடுஞ்சாலை கடலின் விளிம்பிலேயே ஓடுகிறது. படகிலிருந்து பார்த்தால் லாரிகள் மணலின் மேல் போவது போலத் தெரியும். நல்லசாமி அண்ணன் எழுந்து நின்றார். அந்தச் சாலையில் எத்தனையோ முறை போயிருக்கிறேன், இடது கைப்பக்கம் கடல் இருக்கிறது என்று தெரியும், ஆனால் திரும்பிப் பார்த்ததே இல்லை என்றார். பிறகு கையை நீட்டினார்.

"அந்தத் தோப்பு தாண்டித்தானுங்க டீச்சர். பிரேக் புடிச்சேன். நிக்கல."

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் நாராயணாவிடம் போய்ப் படகைக் கொஞ்சம் மெதுவாக விடச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடலில் வண்டி போகுமா என்று என்னிடம் கேட்டபோதே அவருக்கு எந்தக் கடல், எந்தக் கரை என்று தெரிந்திருக்கிறது. ரோட்டு வழியாகக் கூப்பிட்டால் வரமாட்டார், கடல் பக்கமாக வந்தால் பார்த்துவிடலாம் என்று அத்தனையையும் மனதுக்குள் வெட்டி வைத்துக்கொண்டுதான் என்னிடம் கொத்தமல்லி ஆய்ந்திருக்கிறார்.

அக்கா கணவரின் பக்கத்தில் வந்து நின்று, தலையிலிருந்த பூவை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "அந்தப் பெரியவரைக் கும்புட்டுக்குங்க. இத்தனை வருசமா நீங்க அவர ஊட்டுக்குள்ளயே வெச்சிருக்கறீங்க. அவரும் போகோணுமல்ல" என்றார். அண்ணன் பூவைக் கடலில் போட்டுவிட்டுக் கரையைப் பார்த்துக் கும்பிட்டார். வெகுநேரம் அழுதார். பெயர் தெரியாத அந்த மனிதருக்காக நானும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டேன். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை.

கடைசி நாள் ஹொன்னாவரிலிருந்து கார்வார் நோக்கிப் போனோம். அண்ணன் நாராயணாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். நாராயணா கன்னியாகுமரிக்காரர்களோடு மீன்பிடிப் படகில் இருந்தவர், கொஞ்சம் தமிழ் தெரியும். ஒவ்வொரு துறையிலும் சுவர் நெருங்கும்போது அண்ணனின் வலது கால் பலகையை மிதிப்பதை அவர் கவனித்திருக்கிறார். "பிரேக் இல்லை சார். படகு எதுக்கும் பிரேக் இல்லை" என்றார். "தூரத்திலேயே ஆக்ஸிலரேட்டரை விட்டுடணும். அப்புறம் ரிவர்ஸ் கொஞ்சம். மிச்சத்தை டயர் பார்த்துக்கும்." சொல்லிவிட்டு, ஸ்டியரிங்கை அவர் பக்கம் காட்டி நகர்ந்து நின்றார்.

அண்ணன் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா வேண்டுமென்றே என் பக்கம் திரும்பிக்கொண்டு, ஹொன்னாவரில் வாங்கிய முந்திரிப்பருப்பைப் பற்றி மும்முரமாகப் பேச ஆரம்பித்தார். பேசும்போது என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அந்தப் பிடியில் என் வளையல் கையில் பதிந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் இருவரும் தலையைத் திருப்பினோம். அண்ணன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். நாராயணா சும்மா பக்கத்தில் நின்றிருந்தார்.

கார்வார் துறைமுகம் எதிரே தெரிந்தது. அதன் தரைப்பக்க வாசலுக்கு வெளியே டேங்கர் லாரிகள் வரிசையில் நின்றன. டேங்கர் ஓட்டிய காலத்தில் அந்த வரிசையில் நின்று பின்வாசல் வழியாக நுழைந்த மனிதர், அன்று கடல் பக்கத்து முன்வாசலால் வந்தார். சின்னப் படகுகள் நிற்கும் துறை நெருங்கும்போது நாராயணா சொன்னபடி முன்னாலேயே விட்டுவிட்டார். முன்னாலேயே என்றால் ரொம்ப முன்னாலே. படகு நடுத் தண்ணீரிலேயே நின்றுபோனது. பயணிகள் சிரித்தார்கள். அண்ணன் முகம் சுருங்கியது.

அக்கா சிரிக்கவில்லை. "சீக்கிரம் நின்னாத் தப்பில்லீங்க. மெதுவாப் போய்ச் சேரலாம்" என்றார். நாராயணா மறுபடி இன்ஜினைத் தட்ட, அண்ணனே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் கொண்டுபோய்ச் சேர்த்தார். டயர் சுவரில் பட்டது. கடைசி எலுமிச்சம்பழம் நசுங்கும் வாசனை வந்தது.

ஊருக்கு வந்த பிறகு ஸ்கூட்டியில் இடம் மாறியது. அண்ணன் ஓட்ட, அக்கா பின்னால் உட்கார்ந்தார். கடைத்தெருவுக்குப் போகவும் முன் சக்கரத்துக்கு ஒரு பழம். பத்து ரூபாய் கொத்தமல்லி வாங்க ஐந்து ரூபாய் எலுமிச்சம்பழமா என்று நான் கேலி செய்வேன். ஆனால் அண்ணன் தனியாக மட்டும் எங்கும் போனதில்லை. பின்னால் அக்கா இருக்க வேண்டும். அந்த ஒரு தையல் மட்டும் இன்னும் பிரியவில்லை என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்தத் தையலைத்தான் அன்று காலையில் அண்ணன் பிரித்துக்கொண்டு வந்து என் வாசலில் நின்றார். இன்னும் நான்கைந்து வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்றார். நான் ஆட்டோ பிடித்துத் தருகிறேன் என்றதற்கு, வேண்டாம், நானே போய்க்கொள்கிறேன் என்றார்.

"வாரேனுங்க டீச்சர்" என்றார். ஆனால் கிளம்பவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் உள்ளே ஓடினேன். ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வாடிப்போன ஓர் எலுமிச்சம்பழம் கிடந்தது. சாவு வீட்டுக்காரருக்கு அன்றைக்கு அதைச் செய்யலாமா, கூடாதா என்று எனக்குத் தெரியாது. சிலுவை போட்டுக்கொண்டு, கொண்டுவந்து டயருக்கு அடியில் வைத்தேன். அவர் என்னைப் பார்க்காமல் மெதுவாக வண்டியை நகர்த்தினார். பழம் நசுங்கியது. தெருமுனைக்கு ரொம்ப முன்னாலேயே வேகத்தைக் குறைத்து நின்று, இரண்டு பக்கமும் பார்த்துத் திரும்பினார்.

பாவாயி அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு வழக்கம்தான். இப்போது என் வீட்டில் எலுமிச்சம்பழம் தீர்ந்துபோக நான் விடுவதில்லை. நல்லசாமி அண்ணன் எப்போது வேண்டுமானாலும் வருவார். பத்திரமாகத் திரும்பிப் போகவும் வேண்டுமே.